நேத்து சாப்பிட்ட சாக்லேட்டுக்கு இன்னைக்கு பரு வருமா?

கன்னத்துல ஒரு பரு தலகாட்டினா போதும், வீட்ல உடனே விசாரணை ஆரம்பிச்சிடும். நேத்து என்ன சாப்பிட்ட, அந்த பஜ்ஜி தின்னியே அதான், மாம்பழம் சூடு, தண்ணியே குடிக்கிறதில்ல, ராத்திரி பூரா போன நோண்டிட்டு கெடந்தா இப்படித்தான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, நெறைய தப்பும் இருக்கு. எது எதுன்னு பிரிச்சு பாக்கணும்னா முதல்ல பரு எப்படி உருவாகுதுன்னு தெரியணும், அது புரிஞ்சிட்டா பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

உள்ளங்கை உள்ளங்கால விட்டுட்டா நம்ம தோல்ல கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் மயிர்க்கால் இருக்கு. ஒவ்வொரு மயிர்க்காலோடயும் ஒரு குட்டி எண்ணெய் சுரப்பி ஒட்டிட்டு இருக்கும், அதுல ஊறுற எண்ணெய்க்கு சீபம்னு பேரு. இது கெட்டது இல்ல, தோல் காஞ்சு வெடிக்காம இருக்குறதுக்கு இது வேணும். முகம், நெஞ்சு, மேல் முதுகு இந்த இடங்கள்ல இந்த சுரப்பி பெருசாவும் நெறையாவும் இருக்கு, பரு ஏன் கை காலுக்கு போகாம இங்கயே வருதுன்னு இப்ப புரியும். வயசுக்கு வர்ற சமயத்துல ஆண்ட்ரோஜன்னு சொல்ற ஹார்மோன் உடம்புல கூடுது, பையன் பொண்ணு ரெண்டு பேருக்கும்தான், அது இந்த சுரப்பிய இன்னும் வேலை செய்ய சொல்லுது. அதே நேரத்துல மயிர்க்கால் வாய்ல உதிர வேண்டிய செத்த செல்லுங்க சரியா உதிராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எண்ணெயும் அந்த செல்லும் சேர்ந்து வாய அடைச்சிடும். உள்ள ஏற்கனவே குடியிருக்குற ஒரு பாக்டீரியா, கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ்னு பேரு, அடைச்ச எடத்துல காத்து இல்லாம எண்ணெய தின்னுட்டு நல்லா பெருகும், உடம்பு அத எதிர்த்து சண்டைக்கு வரும், அந்த சண்டைதான் செவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. பிளாக்ஹெட்ல தெரியுற கருப்பு அழுக்கு கிடையாது, அடைப்போட மேல்பக்கம் தொறந்திருக்குறதால அங்க இருக்குற மெலனினும் (தோலுக்கு நிறம் குடுக்குற பொருள்) கொழுப்பும் காத்து பட்டு கருத்து போகுது, அதனால எவ்வளவு தேய்ச்சு கழுவினாலும் அது போகாது. இன்னொண்ணு இதவிட முக்கியம். அந்த அடைப்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஆரம்பிச்சு, வெளிய பருவா தெரியறதுக்கு பல வாரம் ஆகும், ரெண்டு மாசம் கூட ஆகலாம். தீபாவளிக்கு கண்ணாடில பாக்குற பருவோட கத ஆவணி புரட்டாசிலயே ஆரம்பிச்சாச்சு. அதனால நேத்து தின்ன ஒரு சாக்லேட்ட புடிச்சு குத்தவாளி கூண்டுல ஏத்துறது நியாயமே இல்ல. தூக்கம் கெட்டு டென்ஷன் ஆனா ஏற்கனவே உள்ள இருக்குற அடைப்பு ரெண்டு மூணு நாள்ல வீங்கி வெளிய வரலாம், அது வேற, ஆனா அடைப்பு பழசுதான். பரு விஷயத்துல ஒரு நாள் கணக்கு எடுபடாது, மாசக் கணக்குதான் எடுபடும். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, ஏன்னா சாப்பாடுன்னாலும் சரி க்ரீம்னாலும் சரி எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சாப்பாடு பருவ உண்டாக்குதான்னு கேட்டா, நேரடியா இல்ல. ஹார்மோன், அப்பா அம்மா கிட்ட இருந்து வந்த தோல் வாகு, இதுங்கதான் அடுப்ப பத்த வைக்குது, சாப்பாடு அந்த எரியுற அடுப்புல தீய கூட்டவோ குறைக்கவோ செய்யும். எப்படின்னா, வெள்ளை சோறு, மைதா, சர்க்கரை மாதிரி சட்டுனு ஜீரணமாகுற மாவுச்சத்த சாப்பிட்டா ரத்தத்துல குளுக்கோஸ் வேகமா ஏறும். அத அடக்க கணையம் இன்சுலின அள்ளி விடும். இன்சுலின் கூடும்போது ஐஜிஎஃப் ஒண்ணுன்னு ஒரு வளர்ச்சி காரணியோட வேகமும் கூடும். இந்த ரெண்டும் சேர்ந்து எண்ணெய் சுரப்பிய கூட வேலை செய்ய வைக்குது, மயிர்க்கால் செல்லுங்கள வேகமா பெருக வைக்குது, ஆண்ட்ரோஜனோட வீரியத்தையும் ஏத்தி விடுது. லாரான் சிண்ட்ரோம்னு ஒரு அபூர்வமான பிறவி குறைபாடு இருக்கு, அவங்க உடம்புல ஐஜிஎஃப் ஒண்ணு ரொம்ப ரொம்ப கம்மி, அவங்களுக்கு பரு வர்றதே அரிது, அத மருந்தா குடுத்து அளவு கூடினப்போ சிலருக்கு பரு வந்திருக்கு. இந்த ஒரு தகவல் போதும், இன்சுலின் பாதைக்கும் பருவுக்கும் உறவு இருக்குன்னு நம்புறதுக்கு.

2002ல லோரன் கார்டெயின்ங்குற அமெரிக்க ஆய்வாளரும் அவரோட குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பாப்புவா நியூ கினி பக்கத்துல கிட்டாவான்னு ஒரு தீவு, அங்க 1200 பேர் தோல டாக்டர் ஒருத்தர் பாத்தாரு, அதுல 15 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்களே 300 பேர், ஒருத்தருக்கு கூட பரு இல்ல. அவங்க சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்கா. சர்க்கரை, மைதா, பாக்கெட் சாமான், பால் எல்லாம் கிட்டத்தட்ட கிடையாது. மாவுச்சத்து நெறையதான் திங்குறாங்க பாருங்க, ஆனா கிழங்கா, முழுசா. அவங்க மரபணு வேற, வாழ்க்கை வேற, அதனால இத மட்டும் வச்சு எல்லாம் சாப்பாடுதான்னு முடிவு கட்டக்கூடாது. 2007ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல 43 பசங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு 12 வாரம் பாத்தாங்க. ஒரு குரூப்புக்கு புரதம் கூட, சட்டுனு சர்க்கரைய ஏத்தாத சாப்பாடு, இன்னொண்ணுக்கு வழக்கமான மாவுச்சத்து சாப்பாடு. முதல் குரூப்ல சராசரியா 23, 24 பரு குறைஞ்சது, ரெண்டாவதுல 12. ரெண்டுலயும் குறைஞ்சிருக்கு, ஆனா முதல்ல கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அந்த பசங்களுக்கு எடையும் குறைஞ்சிருந்தது, அதனால சாப்பாட்டால வந்ததா எடை குறைஞ்சதால வந்ததான்னு பிரிக்க முடியல. அமெரிக்க தோல் டாக்டர்கள் சங்கம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல கூட, பருவுக்குன்னு ஒரு குறிப்பிட்ட டயட்ட சிபாரிசு பண்ற அளவுக்கு ஆதாரம் இன்னும் பத்தலன்னுதான் சொல்லியிருக்காங்க. அதனால இந்த ஒரு ஜூஸ் குடிச்சா ஏழு நாள்ல பரு போயிடும்னு வீடியோ போடுறவங்கள நம்பாதீங்க, ஆனா சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்றதும் சரியில்ல.

நம்ம ஊர் சாப்பாட்டுல இது எப்படி இருக்குன்னு பாக்கலாம். ஒரு காலேஜ் பையனோட சாதாரண நாள எடுத்துக்குங்க. காலைல அஞ்சு இட்லி, கொஞ்சூண்டு சட்னி, சர்க்கரை போட்ட காப்பி. பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மதியம் தட்டு நெறைய வெள்ளை சோறு, குழம்பு, ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியல். சாயங்காலம் பஃப்ஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். ராத்திரி மூணு பரோட்டா. இதுல தனித்தனியா எதுவும் விஷம் இல்ல, இட்லி நல்ல சாப்பாடுதான், சோறும் நம்ம பாட்டன் முப்பாட்டன் சாப்பிட்டதுதான், வயல்ல குனிஞ்சு வேலை பாத்துட்டு சாப்பிட்டாங்க. ஆனா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இன்சுலினுக்கு ஒரு ரெஸ்டே இல்ல, புரதமும் நார்ச்சத்தும் கண்ணுல படவே இல்ல. கிளைசீமிக் இண்டெக்ஸ்னு ஒரு அளவு இருக்கு, சுத்த குளுக்கோஸ 100ன்னு வச்சுக்கிட்டு, 70ம் அதுக்கு மேலயும் போனா அதிகம், 55ம் அதுக்கு கீழயும்னா கம்மின்னு கணக்கு. வெள்ளை அரிசியில பல ரகம் 70ஐ ஒட்டித்தான் வரும், பச்சரிசிய விட புழுங்கலரிசி கொஞ்சம் தேவல.

இதுக்காக இட்லிய விட்டுட்டு ஓட்ஸுக்கு மாறுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அஞ்சு இட்லி மூணாகட்டும், சாம்பார் ஒரு கிண்ணம் நெறைய பருப்போட காயோட இருக்கட்டும், கூட ஒரு முட்டை. மதியம் சோறும் பொரியலும் இடத்த மாத்திக்கட்டும், கீரை, அவரை, புடலங்கா, எது கிடைக்குதோ அது. சாயங்காலம் பஃப்ஸுக்கு பதிலா சுண்டல், அவிச்ச கடலை. முதல்ல காய், பருப்ப சாப்பிட்டுட்டு அப்புறம் சோறுக்கு வந்தா சர்க்கரை ஏறுற வேகம் குறையும், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்தாலும் குறையும். ஒண்ணே ஒண்ணுதான் மாத்த முடியும்னா கூல்டிரிங்க்ஸ விடுங்க, 300 மில்லி கோலாவுல ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கு, ஏழு டீஸ்பூன் பக்கம், அது மெல்லக்கூட வேண்டாம நேரா ரத்தத்துக்கு போகுது. பாக்கெட் ஜூஸும் அதே வகைதான். சிறுதானியம்னு பேர் போட்டிருந்தா நல்லதுதான்னு கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க, கேழ்வரக நைஸா மாவா அரைச்சு வெல்லம் போட்டு கஞ்சியா குடிச்சா அதுவும் வேகமாதான் ஏறும், நாட்டு சர்க்கரை, வெல்லம், தேன் எதுவா இருந்தாலும் இன்சுலினுக்கு எல்லாம் சர்க்கரைதான்.

பால் பத்தி கேட்டாலே வீட்ல சண்டை வரும், ஆனா சொல்லித்தான் ஆகணும். 2005ல அமெரிக்காவுல 47,355 நர்ஸுங்க கிட்ட ஸ்கூல் படிக்கிறப்போ என்ன சாப்பிட்டீங்க, பரு இருந்துச்சான்னு கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. பால் நெறைய குடிச்சவங்களுக்கு பரு கொஞ்சம் கூட இருந்திருக்கு, அதுலயும் கொழுப்பு எடுத்த பால்லதான் அந்த தொடர்பு நல்லா தெரிஞ்சது. பல வருஷம் முன்னாடி சாப்பிட்டத ஞாபகம் வச்சு சொன்னது, அதனால இத கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம். ஆனா பால்ல இருக்குற வே புரதம் இன்சுலின நல்லா தூண்டும்ங்குறது உண்மை, பால் ஐஜிஎஃப் ஒண்ணையும் ஏத்தும். ரெண்டு டம்ளர் காப்பில ஊத்துற பாலால யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆயிடாது. தயிர் மோர் மேல அந்த அளவுக்கு உறுதியா குத்தம் சொல்ல ஆதாரம் இல்ல, அத விடாதீங்க. வளர்ற பிள்ளைக்கு பருவுக்கு பயந்து பால மொத்தமா நிறுத்துறது சரியில்ல, கால்சியத்துக்கு வேற வழி பாத்து வச்சுட்டுதான் அதெல்லாம் யோசிக்கணும்.

எங்க அண்ணன் பையன் ஜிம்முக்கு போறவன், போன வருஷம் ஒரு நாள் வந்து சட்டைய தூக்கி முதுக காட்டினான், தோள்பட்டை ரெண்டும் செவந்து கட்டி கட்டியா இருந்துச்சு. “அத்த, எண்ணெயே தொடுறதில்ல, ஹோட்டல் சாப்பாடு கூட நிறுத்திட்டேன், அப்புறம் ஏன் இப்படி வருது”ன்னு கேட்டான். ஜிம் முடிச்சிட்டு என்னடா குடிக்கிறன்னேன். “வே புரோட்டீன் அத்த, ரெண்டு ஸ்கூப், பால்ல போட்டு, கூட வாழப்பழம்.” அத மூணு மாசம் நிறுத்திட்டு அதே புரதத்த முட்டை, கோழி, கடலை, சுண்டல்னு சாப்பிட்டு பாருன்னேன், வேர்வை பனியனோட பைக் ஓட்டிட்டு ஊர் சுத்தாம வந்ததும் குளின்னும் சொன்னேன். புதுசா வர்றது நல்லாவே குறைஞ்சது. ரெண்டு மாத்தமும் ஒண்ணா பண்ணதால எது வேலை செஞ்சதுன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வே பவுடர் ஆரம்பிச்சதும் முதுகுல பரு வந்த கேஸுங்கள டாக்டருங்க பல பேர் பதிவு பண்ணியிருக்காங்க. இதோட சேத்து பெத்தவங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஜிம்ல லேபிள் இல்லாத பவுடரோ சீக்கிரம் உடம்பு ஏறும்னு ஊசியோ குடுத்தா அது அனபாலிக் ஸ்டெராய்டா (தசைய ஏத்துறதுக்கு போடுற, ஆண் ஹார்மோன் மாதிரி மருந்து) இருக்கலாம், அதுல வர்ற பரு ரொம்ப கொடூரமா வரும், பரு அதுல சின்ன பிரச்சனைதான், கல்லீரலும் இதயமும் பாதிக்கும்.

சாக்லேட்டுக்கு வர்றேன். 1969ல 65 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி சாக்லேட்டால பரு வராதுன்னு சொன்னாங்க, ரொம்ப வருஷம் டாக்டருங்களே அத திருப்பி சொன்னாங்க. ஆனா அதுல சாக்லேட்டுக்கு போட்டியா குடுத்த இன்னொரு மிட்டாய்லயும் அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்துச்சு, அப்புறம் வித்தியாசம் எப்படி தெரியும்? பிற்பாடு வந்த சின்ன சின்ன ஆய்வுகள்ல சாக்லேட் சாப்பிட்டவங்களுக்கு பரு கொஞ்சம் கூடின மாதிரி தெரிஞ்சிருக்கு, சின்ன ஆய்வுங்கதான். எப்பவாவது ஒரு துண்டு சாப்பிட்டா அத பத்தி கவலைப்பட வேண்டாம்.

எண்ணெய் பலகாரம் சாப்பிட்டா அந்த எண்ணெய் முகத்துல வழியும்னு நெனைக்கிறது தப்பு, தின்ன எண்ணெய் வயித்துல ஜீரணமாகி வேற பாதையில போயிடுது. பஜ்ஜி கடையில வாணலி முன்னாடி நாள் பூரா நிக்கிறவங்களுக்கு எண்ணெய் ஆவி முகத்துல படிஞ்சு பரு வரலாம், திங்கிறவங்க விஷயத்துல எண்ணெய விட மைதா பலகாரத்தையும் கூட குடிக்கிற கூல்டிரிங்க்ஸையும்தான் சந்தேகப்படணும். மாம்பழம் சூடுன்னு சொல்றாங்களே, சித்திரை வைகாசில வேர்வை, புழுக்கம், முகத்துல எண்ணெய் எல்லாம் ஏற்கனவே உச்சத்துல இருக்கு, அதே சமயத்துல வீட்ல கூடை மாம்பழம் வந்து இறங்குது, பாவம் பழி பழத்து மேல விழுது. ஒரே மூச்சுல நாலு பழம் சாப்பிட்டா சர்க்கரை ஏறத்தான் செய்யும், அளவா சாப்பிட்டா ஒண்ணும் இல்ல. தண்ணி நெறைய குடிச்சா பரு போகும்ங்குறதுக்கு ஆதாரம் கிடையாது, வெயிலுக்கும் தாகத்துக்கும் குடிங்க. மலச்சிக்கலால பரு வருதுன்னும் நிரூபிச்சது இல்ல.

இப்ப தினசரி பழக்கம். நம்ம ஊர் முகங்கள்ல நான் அடிக்கடி பாக்குறது நெத்திப் பரு. கன்னம் நல்லா இருக்கும், நெத்தில மட்டும் முடி ஆரம்பிக்கிற கோட்ட ஒட்டி சின்ன சின்னதா நெருக்கமா மேடு மேடா இருக்கும், ரெண்டு பொட்டுப் பக்கமும் எறங்கும். ராத்திரி தலை நெறைய தேங்காண்ணெய் வச்சு பின்னி தூங்குறது, அது உருகி நெத்தில எறங்கி தலையணை உறைல ஊறி அந்த உறைலயே வாரம் பூரா கன்னத்த வச்சு படுக்குறது. தலைக்கு எண்ணெய் வைக்கிறத குத்தம் சொல்லல, முடிக்கு தேங்காண்ணெய் நல்லதுதான், ஆனா பரு வாகு உள்ள முகத்துக்கு அது மயிர்க்கால அடைக்கக்கூடிய எண்ணெய். முடியோட நுனிக்கும் நடுவுக்கும் வைங்க, நெத்தி ஓரத்துல வேண்டாம், குளிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வச்சு அலசிடுங்க, தலையணை உறைய வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்துங்க. முகத்துக்கு தேங்காண்ணெய் தடவி தூங்குற பழக்கம் இருந்தா அத இன்னைக்கே விடலாம்.

நெத்தில ஒரே அளவுல பொடிப்பொடியா வந்து நல்லா அரிக்குதுன்னா அது பருவே இல்லாம ஒரு ஈஸ்ட்டால வர்ற தொந்தரவா இருக்கலாம், மலாசீசியான்னு பேரு, பொடுகோட சம்பந்தப்பட்டது, வேர்வையில பெருகும். அதுக்கு பரு மருந்து கேக்காது, ஆன்டிபயாட்டிக் போட்டா இன்னும் கூடும், டாக்டர் பாத்து பூஞ்சை மருந்து குடுத்தா சீக்கிரம் அடங்கிடும். அரிப்பு இருக்கா இல்லையாங்குறத டாக்டர் கிட்ட மறக்காம சொல்லுங்க. ஹெல்மெட் பட்டை, மாஸ்க், இறுக்கமான பேக் பட்டை உரசுற எடத்துல வர்றது இன்னொரு வகை, உள்ள இருக்குற துணிய தொவைச்சாலே கொஞ்சம் குறையும்.

முகம் கழுவுறதுல நம்ம ஆளுங்க ரெண்டு எல்லைக்கு போறாங்க. அழுக்காலதான் பரு வருதுன்னு நெனைச்சு ஒரு நாளைக்கு ஆறேழு தடவ சோப்பு போட்டு, நார் வச்சு, வால்நட் ஸ்க்ரப் வச்சு தேய்க்கிறவங்க இருக்காங்க. தோலோட இயல்பு லேசான அமிலம், பிஎச் அளவுல (ஏழுக்கு கீழ அமிலம், மேல காரம்) அஞ்சு பக்கம், குளிக்கிற சோப்பு ஒன்பது பத்துன்னு இருக்கும், அடிக்கடி போட்டா தோலோட காவல் சுவர் கெட்டு எரிச்சல் கூடி பரு இன்னும் வீங்கும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நல்லா வேர்த்தா கூட ஒண்ணு, மென்மையான பேஸ் வாஷ், விரலால மட்டும், அவ்வளவுதான். எண்ணெய் முகம்னாலும் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் போடுங்க. எலுமிச்சம் பழத்த முகத்துல தேய்க்கவே தேய்க்காதீங்க, அதோட அமிலம் ரொம்ப கடுமை, தேய்ச்சிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருத்துடும். டூத் பேஸ்ட், பேக்கிங் சோடாவும் அதே மாதிரிதான்.

கிள்ளுறது. தெரியும், கை நிக்காது. ஆனா நம்ம மாநிற தோலுக்கு பருவ விட அது விட்டுட்டு போற கருப்பு தழும்புதான் நாள்பட்ட தொல்லை. பரு ஒரு வாரத்துல போயிடும், கறை மாசக்கணக்குல நிக்கும், அழுத்தி கிள்ளினா பள்ளம் விழும், பள்ளத்துக்கு க்ரீம் பெருசா வேலை செய்யாது. வெயில் அந்த கறைய இன்னும் கருக்க வைக்கும், அதனால சன்ஸ்க்ரீன் இங்க ஆடம்பரம் இல்ல, மருந்துல பாதி. ஜெல் மாதிரி வர்றத வாங்குங்க, எஸ்பிஎஃப் 30 இருந்தா போதும்.

தூக்கமும் டென்ஷனும் வெறும் சாக்கு இல்ல. 2003ல ஸ்டான்ஃபோர்ட்ல 22 மாணவர்கள பரீட்சை சமயத்துலயும் மத்த சமயத்துலயும் பாத்தாங்க, மன அழுத்தம் கூடின அளவுக்கு பருவும் மோசமாச்சு. பிளஸ் டூ பிள்ளைங்க முகத்த மார்ச் மாசம் பாருங்க, தெரியும். தூங்காம படிக்குறது, பசிக்கு பிஸ்கட், டீ மேல டீ, கையால தாடைய தாங்கிக்கிட்டு பருவ தடவிக்கிட்டே படிக்கிறது, எல்லாம் ஒண்ணா சேருது. அந்த நேரத்துல போய் முகம் என்ன இப்படி ஆயிடுச்சுன்னு கேக்காதீங்க, அவங்களுக்கு தெரியாததா.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு மனசு கேக்காத விஷயம். மெடிக்கல் ஷாப்ல போய் அண்ணே முகப்பருக்கு ஒரு க்ரீம் குடுங்கன்னு கேட்டு வாங்குறதுல எத்தனையோ ஸ்டெராய்டு க்ரீம். போட்ட ஒரு வாரத்துல செவப்பு அடங்கி முகம் வெளுத்து பளபளன்னு ஆகும், அட நல்லா இருக்கேன்னு தங்கச்சிக்கும் தோழிக்கும் சொல்லி குடுப்பாங்க. சில மாசத்துல தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் நூல் மாதிரி தெரியும், முகத்துல பூனை முடி வரும், வெயில் பட்டா எரியும், நிறுத்தினா நெருப்பா செவந்து முன்ன விட அதிகமா பரு கெளம்பும், அதனால பயந்து திரும்ப அதையே போடுவாங்க. ட்யூப்ப திருப்பி பொடி எழுத்த படிங்க, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன்னு இருந்தா அது ஸ்டெராய்டு. டாக்டர் சீட்டு இல்லாம இந்த மாதிரி க்ரீம விக்கக்கூடாதுன்னு 2018லயே அரசு விதிய இறுக்கிடுச்சு, இருந்தும் கிடைக்குது. ஏற்கனவே மாசக்கணக்கா போடுறீங்கன்னா தானா நிறுத்தாம தோல் டாக்டர பாருங்க, படிப்படியா வெளிய கொண்டு வருவாங்க.

வேலை செய்யுற மருந்துங்க இருக்கு, ஒண்ணும் பெரிய செலவும் இல்ல. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் பாக்டீரியாவ குறைக்கும், ஆனா பனியன், துண்டு, தலையணை உறைய வெளுக்க வச்சிடும், வெள்ளை துணி வச்சுக்குங்க. அடாப்பலீன் 0.1 சதவீதம் அடைப்பே உருவாகாம தடுக்கும், ராத்திரி காஞ்ச முகத்துல பட்டாணி அளவு எடுத்து பரு மேல மட்டும் வைக்காம முகம் பூரா மெல்லிசா தடவணும், முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடின மாதிரி கூட தெரியும், அங்கதான் முக்கால்வாசி பேர் விட்டுடுறாங்க. கர்ப்பமா இருக்குறவங்களும் கர்ப்பத்துக்கு திட்டம் போடுறவங்களும் இத போடக்கூடாது. கடுமையான பருவுக்கு குடுக்குற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைன்னா இன்னும் கவனம், கர்ப்பத்துல சாப்பிட்டா குழந்தைக்கு கடுமையான பிறவிக் குறை வரும், டாக்டர் பார்வை இல்லாம தொடவே கூடாது.

வலிக்கிற பெரிய கட்டி, பள்ளம் விழ ஆரம்பிச்சது, கடை மருந்து போட்டும் மூணு மாசமா அசையாதது, இதுக்கெல்லாம் காத்திருக்காம போங்க. பொண்ணுங்களுக்கு தாடை ஓரத்துல பரு, கூடவே மாதவிடாய் ரெண்டு மூணு மாசம் தள்ளி வர்றது, மீசை தாடி எடத்துல முடி, எடை ஏற்றம்னு இருந்தா பிசிஓஎஸ் (சினைப்பையோட சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு) இருக்கான்னு பாக்கணும். அங்கயும் இன்சுலின் பிரச்சனை பெரும்பாலும் கூடவே நிக்கும், அவங்களுக்கு சாப்பாட்டு மாத்தமும் நடையும் பருவுக்கு மேல பல விஷயத்துக்கு உதவும்.

சாப்பாட்ட மாத்தி பாக்கணும்னா ஒரே நாள்ல பால், சர்க்கரை, சோறு, முட்டை எல்லாத்தையும் நிறுத்தாதீங்க, எது உதவுச்சுன்னே தெரியாது, பத்து நாள்ல சலிச்சும் போயிடும். முதல்ல இனிப்பு பானமும் சாயங்கால பேக்கரி சாமானும் மட்டும், 12 வாரம். ஆரம்பிக்கிற அன்னைக்கு காலைல ஜன்னல் பக்கம் நின்னு, ஃபில்டர் இல்லாம, முகத்த நேரா, இடம், வலம்னு மூணு போட்டோ எடுங்க. நாலு வாரத்துக்கு ஒரு தடவ அதே ஜன்னல், அதே நேரம். மாதவிடாய் வர்ற பொண்ணுங்க தேதியையும் குறிச்சுக்குங்க, அதுக்கு முந்தின வாரம் வழக்கமா கூடுறத டயட் மேல போட்டுடக்கூடாது. பன்னெண்டாவது வாரம் போட்டோவ பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒரு மாத்தமும் இல்லன்னா பால ஒரு சுத்து பாக்கலாம், அதுக்கும் அசையலன்னா உங்க பருவுக்கு சாப்பாடு பெரிய காரணம் இல்ல, போட்டோவ எடுத்துக்கிட்டு தோல் டாக்டர் கிட்ட போங்க, அந்த போட்டோ அவங்களுக்கும் ரொம்ப உதவும்.